தொண்டைக்குக் கீழே

பஸ் கண்டக்டர் என்றாலே தவசிமுத்துவுக்கு ஆகாது. காக்கிச் சட்டை, கக்கத்தில் தோல் பை, உதட்டில் விசில், இதில் எதைக் கண்டாலும் மனிதனுக்கு வயிறு புகையும். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் மிஷின் பழுது பார்க்கிற பிட்டராக இருந்தவன், ஷிப்டு முடிந்து கொதிக்கிற வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போவானே தவிர டவுன் பஸ்ஸில் கால் வைக்க மாட்டான். கேட்டால், "நடந்தா உடம்புக்கு நல்லதுலே" என்பான். நல்லதாவது, மண்ணாவது! உலகத்திலுள்ள எல்லாக் கண்டக்டரும் அவனுக்கு ஒரே கண்டக்டர்தான். அந்த ஒரே கண்டக்டரின் பெயர் சௌந்தரபாண்டியன்.

சௌந்தரபாண்டியன் யாரென்றால், தவசிமுத்துவின் மனைவி பரிபூரணத்துக்குச் சொந்த அத்தை மகன். இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள். முறைக்கு அவனுக்குத்தான் பரிபூரணத்தைக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் கல்யாணப் பேச்சு எடுத்த நேரம் அவன் வேலை வெட்டி இல்லாமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்தான். தவசிமுத்துவுக்கு மில்லில் நிரந்தர வேலை. பெண்ணின் தகப்பனார் மில்லைப் பார்த்துப் பெண்ணைக் கொடுத்தார். கல்யாணமான மறு வருஷமே சௌந்தரபாண்டியனுக்குக் கண்டக்டர் வேலை கிடைத்தது. அதுவும் எந்த ரூட்? ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும்! கடவுளுக்கு வேறு ரூட்டே அகப்படவில்லையா என்று தவசிமுத்து பல நாள் தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

போதாக்குறைக்கு ஆள் லட்சணமாக வேறு இருந்தான். சுருட்டை முடி. சிரித்தால் கன்னத்தில் குழி விழும். பஸ்ஸில் ஏறுகிற கிழவி முதல் கைப்பிள்ளைக்காரி வரை எல்லோருக்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பான். தவசிமுத்துவுக்கோ அதற்குள் முன்மண்டையில் வழுக்கை ஏறிவிட்டது. மிச்ச முடியில் எந்நேரமும் மில்லுப் பஞ்சு ஒட்டியிருக்கும். பரிபூரணம் அவனை "ஏங்க" என்று கூப்பிடுவாள். சௌந்தரபாண்டியனை "அத்தான்" என்பாள். முறை அதுதான், யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த "அத்தான்" காதில் விழும்போதெல்லாம் தவசிமுத்து சோற்றில் கல்லைக் கடித்தவன்போல முகத்தைச் சுளிப்பான். தெருவில் போகிற எவனை வேண்டுமானாலும் "ஏங்க" என்று கூப்பிடலாமே, அது என்ன பெரிய அழைப்பு என்று உள்ளுக்குள் குமைவான்.

சந்தேகப்படுவதற்குத்தான் மில்லில் அவனுக்குச் சம்பளம். ஓடுகிற மிஷினை அவன் நம்பவே மாட்டான். சத்தம் இம்மி மாறினாலும் உள்ளே எதுவோ தேய்கிறது என்பான். மேஸ்திரி, "நல்லாத்தானடே ஓடுது" என்று சடைத்துக்கொள்வார். இவன் விடாமல் கழற்றிப் பார்ப்பான். அங்கே ஒரு பல்சக்கரம் தேய்ந்து கிடக்கும். மில்லில் அவனுக்கு அப்படி ஒரு பெயர். அந்தக் காதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் போகத்தான் அவனுக்குத் தெரியவில்லை, பாவி மனுசனுக்கு.

எண்பத்தெட்டாம் வருஷம் பரிபூரணத்துக்கு இருமல் பிடித்தது. ஒரு மகள், ஒரு மகன் என்று இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள். பேண்டேஜ் துணி சுருட்டுகிற கொட்டகைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தூசிதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு நாள் இருமியபோது சளியோடு ரத்தம் வந்தது. பரிசோதித்தால் டி.பி.

தவசிமுத்துவுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. பெண்டாட்டிமேல் உயிரையே வைத்திருந்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அழுது முடித்ததும் அவன் வாயில் வந்த முதல் பேச்சு இதுதான்: "ராஜபாளையத்துல ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக் கூடாது, பாத்துக்க." தெரிந்தால் கொட்டகையில் சேர்க்க மாட்டார்கள், தெருவில் பிள்ளைகளோடு யாரும் விளையாட விடமாட்டார்கள், நாளைக்கு மகளுக்கு மாப்பிள்ளை வராது. அதனால் வைத்தியம் ஸ்ரீவில்லிபுத்தூரில், அவள் அம்மா அழகுத்தாயின் வீட்டில் இருந்தபடி நடக்கட்டும் என்று முடிவு செய்தான். தெருவில் கேட்டவர்களிடம் வயிற்றில் புண் என்று சொல்லிக்கொண்டார்கள். சரி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எதில் போவது? அந்த பஸ்ஸில்தான்! தன் கையாலேயே மனைவியை ஏற்றி, ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, விசில் சத்தம் கேட்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

முதல் இரண்டு மாதம் தினம் ஊசி. அதுவரை அவள் அம்மா வீட்டிலேயே இருந்தாள். பிறகு ஊசி நின்று, மாத்திரை மட்டும் போதும் என்றதும் வீட்டுக்கு வந்துவிட்டாள். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் போய் மாத்திரை வாங்கி, ஒரு ராத்திரி அம்மா வீட்டில் தங்கித் திரும்புவாள். அதில் முக்கியமானது சிவப்பு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும்.

அங்கே வைத்தியம் பார்த்த டாக்டரம்மா முதலிலேயே தவசிமுத்துவிடம் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஒன்று, மருந்து முடிகிறவரை பிள்ளை உண்டாகக் கூடாது. "அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்" என்று இவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்குமுன் எழுந்து வந்துவிட்டான். ஒரு பெண்பிள்ளையிடம் அதையெல்லாம் பேசுவதாவது! அவர்கள் பார்த்துக்கொண்ட விதம் என்னவென்றால் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை. ராஜபாளையத்தில் தெருவுக்கு வருகிற நர்சு, ஆபரேஷன் செய்துகொள் என்று பரிபூரணத்தை நச்சரித்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் என்றால் பரிசோதிப்பார்கள், நெஞ்சில் இருப்பது வெளியே வந்துவிடும். "பொறவு பாப்போம்க்கா" என்று சொல்லி அந்தச் சின்ன மாத்திரையை வாங்கிக்கொண்டார்கள். டி.பி. பற்றி அவளிடம் மூச்சுவிடக் கூடாது என்பது தவசிமுத்துவின் கட்டளை. ஆக, சின்ன மாத்திரை கொடுத்தவளுக்குச் சிவப்பு மாத்திரை தெரியாது. சிவப்பு மாத்திரை கொடுத்தவருக்குச் சின்ன மாத்திரை தெரியாது.

இரண்டாவது விஷயம், மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. "கொஞ்சம் சுகமானதும் நிறுத்திடுவாங்க. நீங்க பக்கத்துல நின்னு, முழுங்குறாங்களான்னு பாருங்க" என்றார். அடேயப்பா, ஆள் பார்த்துச் சொன்னாரே! அந்த வேலையை இவனைவிடக் கருத்தாகச் செய்ய இந்த ஜில்லாவிலேயே ஆள் கிடையாது.

தினமும் காலையில் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நிற்பான். அவள் விழுங்குவாள். "வாயைத் தெற." திறப்பாள். "நாக்கைத் தூக்கு." தூக்குவாள். ஆரம்பத்தில் அது செல்லமாகத்தான் இருந்தது. சின்னப் பிள்ளைபோல "ஆ"வென்று காட்டிவிட்டு அவள் களுக்கென்று சிரிப்பாள், அவனும் சிரிப்பான். பிறகு ராத்திரிச் சாப்பாட்டுக்குப்பின் சின்ன மாத்திரைக்கும் அதே சட்டம் வந்தது. நாளாக ஆகச் சிரிப்பு நின்றுபோனது; வாய் திறப்பது மட்டும் நிற்கவில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறப்பாள்.

ஒரு தரம் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டு வந்தவளின் வெள்ளைக் கைக்குட்டையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கறை. தவசிமுத்துவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"இது எவன் நெத்திச் சந்தனம்?"

"சந்தனமாவது! பஸ்ஸுல தூசி விழுந்து கண்ணைத் தொடச்சேன். அந்த மாத்திரை தின்னா கண்ணுத் தண்ணியும் அந்தக் கலராத்தான் வருது. வேர்வையும் அப்படித்தான். ஒண்ணுக்குப் போனாக்கூட அப்படித்தான். அந்த ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி நர்சம்மாகிட்டக் கேட்டுப் பாருங்க."

கேட்டானே! வேலைக்கு லீவு போட்டு, போய்க் கேட்டான். உண்மைதான் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பினான். தின்ற மாத்திரை தொண்டையோடு நிற்காமல் உடம்பு முழுக்கப் போய் என்னென்னவோ செய்கிறது என்று அன்றைக்கே அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவன் தேடிப்போனது சௌந்தரபாண்டியனின் நெற்றியை. அது கிடைக்கவில்லை என்ற ஏமாற்றம்தான் மிஞ்சியது.

அடுத்த கோடையில் பரிபூரணத்துக்கு உடம்பு தேறி, கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. திடீரென்று காலையில் வாந்தி. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தாள். நாள் தள்ளிப்போனதும் புரிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் வெளியே விளையாடப் போயிருந்த நேரம், பயந்துகொண்டே புருஷனிடம் சொன்னாள்.

தவசிமுத்து மிஷினில் சத்தம் மாறியபோது காதைத் தீட்டுவதுபோல அவளையே பார்த்தான்.

"எப்படிட்டி?"

"எப்படின்னு என்னையக் கேட்டா?"

"நான் நின்னு பாத்து முழுங்கினே. வாயைத் தெறந்து காட்டினே. அம்புட்டு நாளும் பாத்தேன். நான் பாக்காதது ஒங்கம்மா வீட்டுல தங்குன அன்னைக்கு மட்டுந்தான்."

"அங்கயும் முழுங்கத்தான் செஞ்சேன்."

"யாரு கண்டா? பக்கத்து வீட்டுல இருக்கானே ஒங்க அத்தான், அவன் கண்டானா?"

கேட்டீர்களா நியாயத்தை! தப்புச் செய்யப் போகிறவள் அன்றைக்குப் பார்த்தா அந்த மாத்திரையை விழுங்காமல் விடுவாள்? பச்சைப்பிள்ளைகூடக் கேட்கும் இந்தக் கேள்வியை. வயிற்றெரிச்சல் பிடித்தவனுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? தான் பார்த்த ராத்திரிகள் எல்லாம் சுத்தம், பார்க்காத ராத்திரி அசுத்தம். அவ்வளவுதான் அவன் கணக்கு.

பரிபூரணம் அழுதாள். கன்னத்தில் இறங்கிய கண்ணீர் மங்கலான ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்தும் அவன் வாய் அடங்கவில்லை. "இதைக் கலைச்சிட்டு வா. இல்லேன்னா இந்த வாசலை மிதிக்காத" என்று கடைசியாகச் சொன்னான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். துணிமணியை எடுத்து வைத்தாள், இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டாள், போய்விட்டாள். எந்த பஸ்ஸில் போனாள் என்று நினைத்து நினைத்தே அவன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அந்த வாரம் முழுக்க மில்லில் அவன் தொட்ட வேலை எதுவும் சரிப்படவில்லை. இரண்டு ஸ்பானரைத் தொலைத்தான். வெள்ளிக்கிழமை பொறுக்கமாட்டாமல் கிளம்பிவிட்டான். நேரில் போய் அந்தக் கண்டக்டரின் சட்டையைப் பிடித்து உலுக்குவது என்று திட்டம். பஸ்ஸில் ஏறினான், கடைசி சீட்டில் உட்கார்ந்தான், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவனையே பார்த்தான். சௌந்தரபாண்டியன் ஒவ்வொருவராக டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்து இவனைக் கண்டதும் நின்றான். கன்னத்தில் குழி விழவில்லை. குனிந்து மெல்லச் சொன்னான்.

"நானே வரலாம்னு இருந்தேன் அண்ணாச்சி. பரிபூரணம் நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறா. கலைக்கப்போறாளாம். யாரு சொல்லியும் கேக்க மாட்டேங்கா. அழகுத்தாயி அத்தை கெடந்து அழுதுக்கிட்டிருக்கா. ஏற்கனவே நெஞ்சு நொந்த உடம்பு, ஏதாச்சும் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா? ஒங்க பேச்சைத்தான் கேப்பா. நீங்க போயித் தடுங்க."

நல்ல மனுசன் சொன்ன நல்ல வார்த்தை. தவசிமுத்து காதில் அது எப்படி விழுந்தது தெரியுமா? இவனுக்கு ஏன் வலிக்கிறது? பிள்ளை கலைந்தால் இவனுக்கு என்ன போச்சு? ஆகா, ஆள் மாட்டிக்கொண்டான்! சட்டையைப் பிடிக்க வேண்டுமென்பது மறந்தே போனது. டாக்டரம்மாவிடம் போய் எந்தத் தேதியில் உண்டானது என்று கேட்டு வாங்கிவிட்டால், அவள் அம்மா வீட்டில் தங்கிய தேதியோடு ஒட்டிப் பார்த்துவிடலாம். அப்புறம் யார் என்ன பேச முடியும்?

டாக்டரம்மா இவனைப் பார்த்ததும், "என்னங்க, ஆளையே காணோம். பரிபூரணம் வந்திருந்தாங்க, உண்டாகியிருக்குன்னு மட்டும் சொன்னாங்க, வேற எதுவும் சொல்லாம அழுதுட்டே போயிட்டாங்க" என்றார்.

தவசிமுத்து சுற்றி வளைக்கவில்லை. "எந்த ராத்திரி உண்டாச்சுன்னு சொல்லுங்கம்மா. எனக்குத் தேதி வேணும்."

"தேதியா? அதெல்லாம் அப்படிச் சொல்ல முடியாதுங்க. ஆமா, உண்டாகாமப் பாத்துக்குவோம்னு சொன்னீங்களே, என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"மாத்திரைம்மா. அந்தக் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை. ஒரு நாள் விடல. நான் வாயைத் தெறந்து பாத்துப் பாத்துத்தான் குடுத்தேன். பொறவு எப்படி உண்டாகும்? நான் பாக்காத அன்னைக்கு முழுங்காம..."

டாக்டரம்மா பேனாவை மேஜைமேல் போட்டார். "அய்யோ! அந்த மாத்திரைன்னு ஏங்க எங்கிட்டச் சொல்லல? அந்த நர்சுகிட்டயாவது டி.பி.க்கு மருந்து சாப்பிடுறதைச் சொன்னீங்களா?"

"ஊருக்குத் தெரிஞ்சிருமேன்னு..."

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "நானும் விடாமக் கேட்டிருக்கணும். நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"மில்லுல பிட்டரும்மா."

"அப்ப சொன்னாப் புரியும். உடம்பு பூரா கண்ணுக்குத் தெரியாத செல்லுங்க இருக்கு. எதை எதைச் செய்யணுங்கிற குறிப்பு எல்லாமே ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இருக்கு. ஜீன்னு அதுக்குப் பேரு. ஆனா எல்லாக் குறிப்பையும் எந்நேரமும் எடுத்துப் படிக்காது. உங்க மில்லுல இருக்கிற மிஷின் எல்லாமே எப்பவும் ஓடுதா?"

"இல்லம்மா. ஆர்டருக்குத் தக்கன ஓட்டுவோம். மத்ததை நிறுத்தி வச்சிருப்போம்."

"அதேதான். ஈரலோட வேலை, உள்ள வர்ற வேண்டாத சரக்கை அரைச்சு வெளிய தள்ளுறது. அரைக்கிறதுக்குன்னு சில பண்டங்களை அதுவே செஞ்சுக்கும். சாதாரணமா கொஞ்சம் செஞ்சாப் போதும். இந்தச் சிவப்பு மாத்திரை இருக்கே, அது ஈரலுக்கு அந்நியம். தினமும் உள்ள வந்து நெருக்குது. ஈரல் செல்லு பாக்குது, மூடி வச்ச குறிப்பையெல்லாம் எடுத்து மளமளன்னு படிக்க ஆரம்பிச்சிடுது. நின்ன மிஷினெல்லாம் ஓட ஆரம்பிச்ச மாதிரி. ஒண்ணு ரெண்டு வாரத்துல அரைக்கிற பண்டம் பல மடங்கு பெருகிடும்."

தவசிமுத்துவுக்குள் இருந்த பிட்டர் விழித்துக்கொண்டான். "சிவப்பு மாத்திரைக்காக ஓட்டுன மிஷினு அதைத்தானம்மா அரைக்கணும்?"

"அதுக்கென்ன கண்ணா இருக்கு? எதிர்ல எது வந்தாலும் அரைக்கும். நீங்க குடுத்த சின்ன மாத்திரையையும் அரைச்சுத் தள்ளிடுச்சு. அந்த மருந்து ரத்தத்துல நின்னாத்தான் பிள்ளை தங்காது. இவங்க உடம்புல நிக்கவே இல்ல. அவங்க ஒழுங்காத்தான் முழுங்கியிருக்காங்க. நீங்க பாத்தது தொண்டை வரைக்கும். தொண்டைக்குக் கீழ நடந்ததை நீங்க எப்படிப் பாக்க முடியும்?"

அவன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான்.

"அப்ப அந்த ஈரலு இனி அப்படியேதானா?"

"மாத்திரையை நிறுத்திக் கொஞ்ச நாளானா பழையபடி ஆயிடும். பிள்ளைக்குப் பயப்படாதீங்க. அந்த ஊசிதான் பிள்ளைக்கு ஆகாது, அது நின்ன பிறகுதான் உண்டாகியிருக்கு. சிவப்பு மாத்திரையை நான் பாத்துக் குடுத்துக்கிறேன். அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

வெளியே வந்து நடந்தான். நெஞ்சில் இருந்து ஒரு பாறாங்கல் இறங்கியதுபோல இருந்தது. எவ்வளவு தூரத்துக்கு? தெருமுனை வரைக்கும்தான். அங்கே வந்ததும் அவன் மனசு கோணலாக ஒரு கேள்வி கேட்டது. மாத்திரை வேலை செய்யவில்லை என்றால் எந்த ராத்திரியும் வேலை செய்யவில்லைதானே? அப்படியானால் தன்னோடு இருந்த ராத்திரியாகவும் இருக்கலாம், அம்மா வீட்டு ராத்திரியாகவும் இருக்கலாம். டாக்டரம்மா எதைத் தீர்த்து வைத்தார்? ஒன்றுமே இல்லை! பாருங்கள், இந்தப் பிறவியை என்ன சொல்லித் திட்டுவது? மருந்து, ஈரல், ஜீன் என்று அந்த அம்மாள் தொண்டை வறளச் சொல்லியும், இவன் கடைசியில் வந்து நின்றது அந்தச் சுருட்டை முடியிடம்தான்.

அப்படியே அழகுத்தாய் வீட்டு வாசலில் போய் நின்றான். மாமியார்க்காரி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை.

"எதுக்கு வந்தீக மருமகனே? அவ நாளைக்கு ஒங்க சொல்லுப்படி செஞ்சிட்டு வந்துருவா. அவசரமா?"

"அத்தை, நான் டாக்டரம்மாகிட்டப் போயிட்டு வாரேன். மாத்திரை ஒண்ணோட ஒண்ணு ஒத்துக்கிடலையாம். முழுங்கியும் பிரயோசனம் இல்லையாம்."

அழகுத்தாய் முறத்தைக் கீழே வைத்தாள். "முழுங்கினாளா இல்லையான்னு ஒங்களுக்கு டாக்டரு வந்து சொல்லணுமாக்கும்? என்னையக் கேட்டிருக்கலாமே. இங்க தங்குத அன்னைக்கெல்லாம் ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் எம்முன்னால வந்து நிப்பா. அந்த மாத்திரையைப் போட்டுத் தண்ணி குடிப்பா. குடிச்சிட்டு 'ஆ'ன்னு வாயைத் தெறந்து காட்டுவா. 'என்னடி இது கிறுக்கு'ன்னு கேட்டேன். 'அவுக கேப்பாகம்மா, நீ சாட்சி. நாக்குக்கு அடியிலயும் பாத்துக்க'ன்னு சொன்னா. பெத்த தாயிகிட்ட வாயைத் தெறந்து காட்டணும்னு எம் மகளுக்கு என்ன தலையெழுத்து? அவ எங்கூடத்தான் படுத்தா, எம் முந்தானையைப் புடிச்சிக்கிட்டு. அதுக்கும் சாட்சி வேணுமா ஒங்களுக்கு?"

தவசிமுத்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். யாரும் கேட்காத இடத்தில், யாரும் பார்க்காத இடத்தில், தனக்குப் பயந்து அவள் வாயைத் திறந்து நின்றிருக்கிறாள். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

பரிபூரணம் உள்ளேயிருந்து வந்தாள். இளைத்திருந்தாள். மகன் அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவாத, பரிபூரணம். நான் சொன்னது தப்பு. அது எம் பிள்ளை. ஈரலு அந்தச் சின்ன மாத்திரையை அரைச்சிருச்சாம். டாக்டரம்மா எல்லாத்தையும் வெவரமாச் சொன்னாக."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "டாக்டரம்மா சொன்னாக, அதனால நம்புதீக. எங்கம்மா சொன்னா, அதனால நம்புதீக. நான் சொன்னப்ப ஏன் நம்பல?"

அவன் வாசல் என்றும் பார்க்காமல் உட்கார்ந்து அழுதான். அவள் ஒன்றும் சமாதானம் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து, "வாரேன். இந்தப் பிள்ளைக்காக வாரேன்" என்றாள்.

வந்தாள். அதே பஸ்தான். சௌந்தரபாண்டியன் எல்லோருக்கும் இடம் பிடித்துக் கொடுத்து, "அண்ணாச்சி, ஜன்னல் பக்கம் உக்காருங்க" என்றான். தவசிமுத்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான். வயிற்றெரிச்சல் போய்விட்டதா என்று கேட்பீர்கள். எங்கே போகும்! விசில் ஊதியபோது பழையபடி உள்ளே ஒரு புகைச்சல் எழும்பத்தான் செய்தது. இப்போது கூடவே வெட்கமும் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் காலையில் அவன் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு நகர்ந்தான். சிவப்பு மாத்திரையை விழுங்கிவிட்டு அவளே எழுந்து அவன் முன்னால் வந்து நின்றாள். வாயைத் திறந்தாள்.

"வேண்டாம், பரிபூரணம். நான் பாக்கல. இனி பாக்கவே மாட்டேன்."

அவள் போகவில்லை. நாக்கைத் தூக்கிக் காட்டினாள். அவன் பார்க்கிறவரை அப்படியே நின்றாள். பிறகு, "பாத்துக்கிட்டீகளா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பெண். தவசிமுத்துவின் அகலமான நெற்றியும் ஒட்டிய காதுமாக, அச்சு அசலாக அவனேதான். பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள். பரிபூரணம் மட்டும் அதைச் சொல்லவே இல்லை. சிவப்பு மாத்திரை முடிந்து, நெஞ்சும் சுத்தமானது. பிறகு ஆபரேஷனும் செய்துகொண்டாள். ஆனால் காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை போட்டாலும் சரி, தலைவலிக்கு ஒன்று போட்டாலும் சரி, அவன் எங்கே இருந்தாலும் தேடி வந்து வாயைத் திறந்து காட்டாமல் விடமாட்டாள். மூத்த மகளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, கூடம் நிறைய ஆட்கள் இருக்க, தலைவலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நேரே வந்து அவன் முன்னால் நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் முழித்தார்கள். கோபமாகச் செய்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கதவைச் சாத்துவதுபோல, விளக்கை அணைப்பதுபோல, சாதாரணமாகச் செய்தாள். மாத்திரையை நிறுத்தினால் ஈரல் பழையபடி ஆகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னாரே, ஆகியிருக்கும். பரிபூரணம் ஆகவில்லை.

தொண்ணூற்றெட்டில், கடைக்குட்டிக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு நாள் காய்ச்சல் அடித்தது. பரிபூரணம் கடைக்குப் போயிருந்தாள். தவசிமுத்து மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தண்ணீரோடு கொடுத்தான். பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கியது. விழுங்கிவிட்டு அவன் முன்னால் வந்து நின்று, கழுத்தை அண்ணாந்து, "ஆ"வென்று வாயைத் திறந்தது. மாத்திரை தின்றால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. அப்பா பார்க்கத்தான் மாத்திரையே என்றுகூட நினைத்திருக்கலாம்.

"வாயை மூடு தாயி. அப்பா பாக்க வேண்டாம்."

பிள்ளை மூடவில்லை. உதடு கோணியது, கண்ணில் நீர் முட்டியது. பொறாமையோடு கேட்டது.

"அம்மாவோடத மட்டும் எப்பவும் பாக்கீக. என்னோடதப் பாக்க மாட்டீகளா?"

தவசிமுத்து குனிந்து பார்த்தான்.